முத்திரையைச் சுமக்கும் மனம்

ஒருவரைப் பற்றி வேறு எதையும் அறிந்துகொள்ளும் முன்பே, அவரிடம் உள்ள ஓர் அடையாளம் பிறர் பார்வையில் அவருடைய மதிப்பைக் குறைத்துவிடுமானால், அந்த அடையாளத்தைச் சமூக உளவியல் இழிமுத்திரை என்கிறது. தோல் நிறம், சாதி, உடல் ஊனம், தொழுநோய், மனநோய், சிறை சென்று வந்த வரலாறு, உடல் பருமன் என அது எடுக்கும் வடிவங்கள் பல. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ‘ஸ்டிக்மா’ ஒரு கிரேக்கச் சொல். அடிமைகளின் உடலிலும் குற்றவாளிகளின் உடலிலும் குத்திய குறியை அது முதலில் குறித்தது. தமிழில் ‘முத்திரை குத்திவிட்டார்கள்’ என்று சொல்லும்போது நினைவில் எழுவதும் அதே குறிதான். உடலில் குறி குத்தும் வழக்கம் ஒழிந்துவிட்டது; பார்க்கிறவர் கண்ணில் அந்தக் குறி இன்னும் இருக்கிறது.

சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1963இல் வெளியிட்ட நூல் இந்தச் சொல்லுக்கு அறிவியலில் நிலையான இடம் பெற்றுத் தந்தது. அவர் இழிமுத்திரையை மூன்றாகப் பிரித்தார். உடலில் தெரியும் குறைகள் ஒரு வகை. ஒழுக்கக் குறையாக எண்ணப்படுபவை இரண்டாம் வகை. இனம், மதம், நாடு போலப் பிறப்பின் வழியே குடும்பம் முழுவதற்கும் வருபவை மூன்றாம் வகை. அவர் சொன்னவற்றில் ஆழமான கருத்து வேறொன்று. இழிவு அந்த அடையாளத்துக்குள் இல்லை. அதைச் சுமப்பவருக்கும் அதைப் பார்ப்பவருக்கும் இடையிலான உறவில் இருக்கிறது என்றார். மூக்குக்கண்ணாடியும் காதுக்கருவியும் ஒரு புலனின் குறையை ஈடுசெய்யும் சாதனங்களே. கண்ணாடி போட்டவரை யாரும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை. காதில் கருவி மாட்டியவரிடமோ பேச்சின் தொனியே மாறிவிடுகிறது. குறை ஒரே தன்மையது. ஊர் அதற்குக் கொடுக்கும் பொருள்தான் வேறு.

வெறுப்பவரிடமிருந்து தொடங்கிய ஆய்வு

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் உளவியலாளர்களின் கவனம் முழுவதும் வெறுப்பவர் மீதே இருந்தது. இரண்டாம் உலகப்போரில் லட்சக்கணக்கான யூதர்கள் கொல்லப்பட்ட பிறகு, ஒரு மனிதன் இன்னொரு மனிதனை இவ்வளவு தூரம் வெறுக்க எப்படி முடிகிறது என்ற கேள்வி அறிவுலகை உலுக்கியது. ஹார்வர்டு பேராசிரியர் கோர்டன் ஆல்போர்ட் 1954இல் எழுதிய நூல் தப்பெண்ணம் பற்றிய ஆய்வுக்கு அடித்தளம் இட்டது. தக்க ஆதாரம் இல்லாமல் ஒரு குழுவைப் பற்றித் தீர்ப்பு எழுதிவிட்டு, அந்தத் தீர்ப்பை அக்குழுவைச் சேர்ந்த ஒவ்வொருவர் மீதும் சுமத்துவதே தப்பெண்ணம் என்று அவர் விளக்கினார். பொருள்களை வகைபிரித்துப் பார்ப்பது மூளையின் அன்றாட வேலை, அந்த வேலையிலிருந்தே தப்பெண்ணம் முளைக்கிறது என்பதையும் எடுத்துக்காட்டினார்.

அது எவ்வளவு எளிதாக முளைக்கிறது என்பதை இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஹென்றி டாஜ்ஃபெல் சோதித்தார். போலந்தில் யூதக் குடும்பத்தில் பிறந்த அவர், போர்க்கைதியாகச் சிக்கித் தப்பியவர். ஊரில் இருந்த குடும்பத்தினர் கொல்லப்பட்டனர். 1971இல் வெளியான அவருடைய ஆய்வில் 14, 15 வயதுப் பள்ளி மாணவர்கள் பங்கேற்றனர். திரையில் தோன்றிய புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டியோ குறைத்தோ மதிப்பிட்டவர்கள் என்று அவர்களைப் பிரித்தார்கள். வேறொரு சுற்றில் கிளே, காண்டின்ஸ்கி என்னும் இரு ஓவியர்களில் யாருடைய படம் பிடித்தது என்பதை வைத்துப் பிரித்ததாகச் சொன்னார்கள். உண்மையில் பிரிவினை வெறும் குலுக்கல் போன்றது. தன் குழுவில் யார் இருக்கிறார் என்றுகூட எவருக்கும் தெரியாது. ஆனாலும் பணத்தைப் பங்கிடச் சொன்னபோது பெரும்பாலோர் தம் குழுவுக்குச் சாதகமாகப் பங்கிட்டனர். தம் குழுவுக்குக் கிடைக்கக்கூடிய மொத்தத் தொகை குறைந்தாலும், அடுத்த குழுவைவிட அதிகம் கிடைப்பதையே பலர் விரும்பினர். பழைய பகையும் போட்டியும் இல்லாத இடத்திலும், ‘நாம்’, ‘அவர்கள்’ என்ற பெயர் மட்டுமே பாரபட்சத்துக்குப் போதுமானதாக இருந்தது.

இந்த ஆய்வுகள் ஒரு பாதியைத்தான் காட்டின. தூற்றப்படுபவரின் மனத்துக்குள் என்ன நடக்கிறது என்ற மறுபாதி இருட்டிலேயே கிடந்தது.

பொம்மைகள் சொன்னதும் சொல்லாததும்

அந்த மறுபாதியை முதலில் தொட்டவர்களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதியர் முக்கியமானவர்கள். 1947இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் மூன்று வயது முதல் ஏழு வயது வரையிலான 253 கறுப்பினக் குழந்தைகள் கலந்துகொண்டனர். நிறத்தைத் தவிர எல்லா வகையிலும் ஒன்றுபோல் இருந்த பொம்மைகளை அவர்கள் முன் வைத்தார்கள். ‘உனக்கு விளையாடப் பிடித்த பொம்மையைக் கொடு’ என்றபோது மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் வெள்ளை பொம்மையை எடுத்தனர். ‘பார்க்க நன்றாக இல்லாத பொம்மை எது’ என்று கேட்டபோது பாதிக்கும் மேற்பட்டோர் பழுப்பு பொம்மையைக் காட்டினர். கடைசியாக ‘உன்னைப் போல இருக்கும் பொம்மை எது’ என்ற கேள்வி வந்தது. சற்று முன் நன்றாக இல்லை என்று ஒதுக்கிய பொம்மையையே இப்போது தொட வேண்டியிருந்தது. சில குழந்தைகள் அழுதுகொண்டே அறையை விட்டு ஓடினர். பள்ளிகளில் நிறப் பிரிவினை அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று 1954ஆம் ஆண்டு மே 17ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அடிக்குறிப்பில் கென்னத் கிளார்க்கின் எழுத்தையும் சான்றாகக் காட்டியது.

தீர்ப்பு நல்லது. ஆனால் பொம்மை ஆய்விலிருந்து வேறொரு முடிவையும் பலர் எடுத்துக்கொண்டனர். இழிவுபடுத்தப்படுகிறவர் அந்த இழிவை உள்வாங்கித் தன்னையே வெறுக்கத் தொடங்குகிறார், அவருடைய மனம் ஊனப்பட்டுப் போகிறது என்பதே அந்த முடிவு. பார்ப்பதற்கு இரக்கம் போலத் தோன்றும் இந்தக் கருத்துக்குள் ஒரு பழி ஒளிந்திருந்தது. சிக்கல் எங்கே என்று கேட்டால், அது பாதிக்கப்பட்டவரின் மனத்துக்குள் என்று கை காட்டியது.

எண்ணிக்கைகள் இந்தக் கருத்துக்கு ஒத்துவரவில்லை. மோரிஸ் ரோசன்பெர்க்கும் ராபர்ட்டா சிம்மன்ஸும் பால்டிமோர் நகரப் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்து 1971இல் வெளியிட்ட ஆய்வில், கறுப்பினப் பிள்ளைகளின் தன்மதிப்பு வெள்ளையினப் பிள்ளைகளுடையதைவிடக் குறைவாக இல்லை. இந்தப் புதிரை எடுத்துக்கொண்டவர்கள் ஜெனிஃபர் குரோக்கரும் பிரெண்டா மேஜரும். பின்னாளில் சாண்டா பார்பராவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த மேஜர், தம் ஆய்வு வாழ்க்கையின் பெரும்பகுதியை இழிமுத்திரைக்குச் செலவிட்டவர். இருவரும் 1989இல் எழுதிய கட்டுரை கேள்வியையே திருப்பிப் போட்டது. இழிவுபடுத்தப்படுகிறவரின் மனம் ஏன் உடைகிறது என்று கேட்பதை விட்டு, இத்தனைக்கும் பிறகு அது உடையாமல் எப்படி நிற்கிறது என்று கேட்டார்கள்.

விடையாக மூன்று வழிகளைச் சொன்னார்கள். பிறர் ஒதுக்கும்போது, அதற்குக் காரணம் தன் குறை இல்லை, அவர்களுடைய தப்பெண்ணமே என்று அறிந்துகொள்வது ஒன்று. வசதி படைத்த மற்ற குழுவோடு தன்னை ஒப்பிடாமல், தன்னைப் போன்றவர்களோடு ஒப்பிட்டுக்கொள்வது இரண்டாவது. தன் குழுவுக்கு வாய்ப்பு மறுக்கப்பட்ட துறைகளுக்கு மனத்தில் பெரிய மதிப்புக் கொடுக்காமல் இருப்பது மூன்றாவது. இவை மனத்துக்குக் கவசங்கள். கவசம் அம்பைத் தடுக்கும்; ஆனால் அதற்கும் ஒரு சுமை உண்டு. வாய்ப்பு மறுக்கப்பட்ட துறை வேண்டாம் என்று விலகும் பிள்ளை வலியிலிருந்து தப்பிக்கிறது. கூடவே அந்தத் துறையையும் இழக்கிறது.

இல்லாத தழும்பு, இருந்த நாற்காலி

பிறர் தன்னை மோசமாக நடத்துகிறார்கள் என்ற உணர்வு எந்த அளவுக்கு உண்மை? இரண்டு பழைய சோதனைகளை அருகருகே வைத்துப் பார்த்தால் சிக்கலின் ஆழம் விளங்கும்.

முதலாவதை ராபர்ட் கிளெக்கும் ஆஞ்செலோ ஸ்ட்ரென்டாவும் 1980இல் வெளியிட்டனர். பங்கேற்றவரின் கன்னத்தில் ஒப்பனையால் ஒரு கோரமான தழும்பை வரைந்தார்கள். கண்ணாடியில் அவரும் அதைப் பார்த்துக்கொண்டார். முன்பின் தெரியாத ஒருவரோடு அவர் உரையாட வேண்டும். அதற்குமுன், தழும்பு காய்ந்து வெடிக்காமல் இருக்கக் களிம்பு தடவுகிறோம் என்று சொல்லி, அவருக்குத் தெரியாமல் தழும்பை முழுவதும் துடைத்துவிட்டார்கள். வெறும் கன்னத்தோடு பேசிவிட்டு வந்தவர்கள், எதிரில் இருந்தவர் இறுக்கமாக இருந்தார், பரிதாபப்படுவது போல நடந்துகொண்டார் என்றெல்லாம் கூறினர். எதிரில் இருந்தவர் கண்டது எந்தத் தழும்பும் இல்லாத ஒரு முகத்தை. எதிர்பார்ப்பே அவருடைய ஒவ்வொரு அசைவுக்கும் பொருள் எழுதிவிட்டது.

இதை மட்டும் படித்தால், எல்லாம் மனப்பிரமை என்று சொல்லத் தோன்றும். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கார்ல் வேர்ட், மார்க் ஸானா, ஜோயல் கூப்பர் ஆகியோர் செய்த சோதனை வேறு விதமாகப் பேசுகிறது. வெள்ளையின மாணவர்கள் நேர்காணல் நடத்தினர். விண்ணப்பதாரர்களாக வந்த கறுப்பினத்தவரும் வெள்ளையினத்தவரும் ஒரே மாதிரி நடந்துகொள்ளப் பயிற்சி பெற்றவர்கள். நேர்காணல் நடத்தியவர்கள் கறுப்பின விண்ணப்பதாரரிடம் நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார்கள், பேச்சில் அதிகம் தடுமாறினார்கள், நேர்காணலையும் விரைவாக முடித்துக்கொண்டார்கள். இரண்டாம் கட்டத்தில் ஆய்வாளர்கள் நிலையைத் தலைகீழாக்கினர். இந்த முறை பயிற்சி பெற்றவர்கள் நேர்காணல் நடத்துகிறவர்கள். வெள்ளையின விண்ணப்பதாரர்களில் ஒரு பகுதியினரிடம், முன்பு கறுப்பினத்தவரிடம் காட்டப்பட்ட அதே விலகலைக் காட்டினார்கள். அப்படி நடத்தப்பட்டவர்கள் பதற்றமடைந்து, மற்றவர்களைவிட மோசமாகப் பதில் சொன்னார்கள். பிறகு மதிப்பெண் பட்டியலைப் பார்க்கிறவருக்குத் தெரிவது ‘சரியாகப் பதில் சொல்லாத விண்ணப்பதாரர்’ மட்டுமே. தள்ளிப் போட்ட நாற்காலி அந்தப் பட்டியலில் ஏறாது.

ஆக, இல்லாத தழும்புக்கு அஞ்சுவதும் நடக்கிறது. தள்ளிப் போட்ட நாற்காலியும் உண்மைதான். இரண்டையும் வாழ்நாள் முழுவதும் மாறி மாறிச் சந்திக்கும் ஒருவருக்கு, இந்தக் கணத்தில் நடப்பது எது என்று எப்படித் தெரியும்?

‘காரணம் நானா, என் முத்திரையா?’

மேஜரும் குரோக்கரும் இந்த நிலைக்குக் கொடுத்த பெயரைத் தமிழில் காரணத் தெளிவின்மை எனலாம். 1991இல் கிறிஸ்டின் வோல்க்கல், மரியா டெஸ்டா ஆகியோருடன் சேர்ந்து அவர்கள் வெளியிட்ட சோதனை எளிமையானது. கறுப்பின மாணவர் ஓர் அறையில் அமர்ந்திருக்கிறார். அடுத்த அறையில் ஒரு வெள்ளையின மாணவர் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. நடுவே அந்தப் பக்கத்திலிருந்து மட்டும் பார்க்கக்கூடிய கண்ணாடி; அதன் மேல் ஒரு திரைத்தட்டி. கறுப்பின மாணவர் தன்னைப் பற்றி ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறார். சற்று நேரத்தில், அவரோடு நட்புக்கொள்ள விருப்பம் அல்லது விருப்பமில்லை என்ற பதில் வருகிறது. சிலருக்குத் தட்டி ஏற்றப்பட்டிருந்தது. அடுத்த அறையில் இருப்பவர் தன் நிறத்தைப் பார்த்திருக்கிறார் என்று அவர்கள் நம்பினர். மற்றவர்களுக்குத் தட்டி இறக்கப்பட்டிருந்தது.

தட்டி ஏற்றப்பட்டிருந்தபோது வந்த மறுப்பை மாணவர்கள் தப்பெண்ணத்தின் கணக்கில் எழுதினர். அவர்களுடைய தன்மதிப்பு பெரிதாக அசையவில்லை. கவசம் வேலை செய்தது. எவரும் எதிர்பாராத முடிவு மறுபக்கத்தில் கிடைத்தது. தட்டி ஏற்றப்பட்டிருந்தபோது வந்த பாராட்டு அவர்களுடைய தன்மதிப்பை உயர்த்தவில்லை, குறைத்தது. தட்டி இறங்கியிருந்தபோது அதே பாராட்டு மகிழ்ச்சி தந்தது. நிறம் தெரிந்த பிறகு வரும் பாராட்டு உண்மையானதா, பரிதாபமா, தன்னை நல்லவராகக் காட்டிக்கொள்ளும் முயற்சியா என்று கேட்பவருக்குத் தெரியவில்லை. பழியைத் தடுக்கும் அதே கவசம் பாராட்டையும் தடுத்துவிடுகிறது. வசையால் வரும் காயம் வெளியில் தெரியும். தன்னைப் பற்றி வரும் எந்தச் சொல்லையும் முழுதாக நம்ப முடியாமல் போவது தெரியாத காயம். தன் திறமையைத் தானே அளந்தறியும் அடிப்படை வசதியையே அது பறித்துக்கொள்கிறது.

வாய் திறந்து பேசினால் தீருமா? செரில் கைசரும் கேரல் மில்லரும் 2001இல் வெளியிட்ட ஆய்வு அதற்கும் விலை உண்டு என்று காட்டியது. ஒரு கறுப்பின மாணவர் தேர்வில் தோற்றதாகவும், அதற்கு அவர் ஒரு காரணம் சொன்னதாகவும் ஒரு குறிப்பைப் படிக்கக் கொடுத்தார்கள். மதிப்பெண் போட்டவர்கள் எந்த அளவுக்குப் பாரபட்சம் உடையவர்கள் என்ற தகவலும் அதில் இருந்தது. ‘என் விடைகள் சரியில்லை’ என்று அவர் சொன்னதாகப் படித்தவர்கள் அவரைச் சாதாரணமாகவே மதிப்பிட்டனர். ‘பாரபட்சம் காட்டினார்கள்’ என்று சொன்னதாகப் படித்தவர்கள் அவரைக் குறைசொல்லி என்றனர். பாரபட்சம் நடந்தது ஏறக்குறைய உறுதி என்று தெரிந்திருந்தபோதும் அந்தப் பெயரே கிடைத்தது.

உள்ளிருந்தும் ஒரு தடை உண்டு. உழைத்தால் யாரும் முன்னேறலாம் என்று உறுதியாக நம்புகிறவர்கள், தங்களைவிட உயர்நிலையில் உள்ள குழுவைச் சேர்ந்தவர் தங்களை ஒதுக்கியபோது, அதைப் பாரபட்சம் என்று சொல்லத் தயங்குகிறார்கள் என்பதை மேஜரும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் கண்டனர். முன்னேற்றத்துக்குத் தூண்டும் அதே நம்பிக்கை, தோல்வி வரும்போது குற்றத்தைத் தன் தலையிலேயே சுமத்துகிறது.

தேர்வறையிலும் உணவு மேசையிலும்

இந்தச் சுமை செயல்திறனை எட்டுகிறதா என்பதை கிளாட் ஸ்டீலும் ஜோஷுவா ஆரன்சனும் ஆராய்ந்தனர். 1995இல் வெளியான ஆய்வில் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களுக்குக் கடினமான மொழித் தேர்வு ஒன்றைக் கொடுத்தனர். இது அறிவுத்திறனை அளக்கும் தேர்வு என்று சொன்னபோது கறுப்பின மாணவர்கள் பின்தங்கினர். திறனை அளப்பதற்கானது அன்று என்று சொன்னபோது, அவர்களுடைய முந்தைய மதிப்பெண்களைக் கணக்கில் கொண்டு பார்த்தால், இடைவெளி பெருமளவு மறைந்தது. ‘இவர்கள் இப்படித்தான்’ என்ற ஊர்ப்பேச்சைத் தான் மெய்யாக்கிவிடுவோமோ என்ற அச்சம் தேர்வறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது என்று ஸ்டீல் விளக்கினார்.

இதே கேள்வியை கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகியோர் உத்தரப்பிரதேசக் கிராமங்களில் சாதியை வைத்துக் கேட்டனர். உயர்த்தப்பட்ட சாதியினரும் தாழ்த்தப்பட்ட சாதியினருமாகச் சம எண்ணிக்கையில் 642 சிறுவர்கள் தாளில் வரைந்த சிக்கலான வழிப்புதிர்களைத் தீர்த்தனர். ஒவ்வொரு புதிருக்கும் காசு உண்டு. யார் எந்தச் சாதி என்ற பேச்சே இல்லாதபோது இரு தரப்பும் ஏறத்தாழச் சமமாகவே தீர்த்தனர். பேரோடு சாதியையும் எல்லார் முன்னிலையிலும் உரக்கப் படித்த பிறகு, தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுவர்கள் தீர்த்த புதிர்களின் எண்ணிக்கை சரிந்தது. சிறுவர்கள் அதே சிறுவர்கள், தாள் அதே தாள். நடுவில் மாறியது உரக்கப் படித்த ஒரு சொல்.

அறிவியலின் கடமை தன் முடிவுகளையே மறுபடி மறுபடி உரசிப் பார்ப்பது. ஸ்டீல் தொடங்கிவைத்த ஆய்வுத்துறையும் அந்த உரைகல்லுக்குத் தப்பவில்லை. பிற்காலத்தில் நடந்த பெரிய சோதனைகள் சிலவற்றில் விளைவு மிகச் சிறிதாக இருந்தது, அல்லது தென்படவே இல்லை. நெதர்லாந்தில் 2,000க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் கணிதத்தில் பெண்களின் திறன் பற்றிய பேச்சை வைத்து நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஆகவே ஒரு தேர்வறையில் நிகழும் இந்த அச்சத்தைக் கொண்டு குழுக்களுக்கு இடையிலான மதிப்பெண் வேறுபாடு முழுவதையும் விளக்க முடியாது. பள்ளி, வருமானம், உணவு, வீடு என்று வேறு பல காரணங்களோடு சேர்த்தே அதைப் பார்க்க வேண்டும்.

மேஜர் பிற்காலத்தில் உடல் பருமன் பக்கம் திரும்பினார். பருமனானவர்களைக் கேலி செய்தால் வெட்கப்பட்டாவது இளைப்பார்கள் என்பது பலரும் நம்பும் பேச்சு. 2014இல் வெளியான ஆய்வில், பருமனானவர்களை நிறுவனங்கள் வேலைக்கு எடுக்கத் தயங்குவதாக ஒரு செய்திக் கட்டுரையைப் பெண்கள் சிலருக்குப் படிக்கக் கொடுத்தார். மற்றவர்களுக்குக் கொடுத்த கட்டுரை புகைபிடிப்பவர்களைப் பற்றியது. பிறகு ஓய்வு நேரத்தில் மிட்டாயும் நொறுக்குத்தீனியும் நிறைந்த கிண்ணங்களை வைத்தனர். தம்மைப் பருமனானவர் என்று கருதிய பெண்கள், பருமன் பற்றிய கட்டுரையைப் படித்த பிறகு அதிகம் சாப்பிட்டனர்; உணவைக் கட்டுப்படுத்தும் திறன் தமக்குக் குறைவு என்றும் உணர்ந்தனர். அவமானம் எந்தப் பழக்கத்தைத் திருத்தும் என்று சொல்லப்படுகிறதோ, அதையே அது வளர்த்தது.

மறைக்கக்கூடிய முத்திரை

நிறம் போல வெளியே தெரியும் முத்திரைகளுக்கும், மனநோய் போல மறைக்கக்கூடிய முத்திரைகளுக்கும் கோஃப்மன் வேறுபாடு கண்டார். மறைக்கக்கூடியதைச் சுமப்பவருக்குத் தப்பிக்கும் வழி இருப்பது போலத் தெரியும். உண்மையில் அவருடைய வேலை இரட்டிப்பாகிறது. யாரிடம் சொல்வது, யாரிடம் மறைப்பது, யாருக்கு ஏற்கெனவே தெரியும் என்று ஓயாமல் கணக்குப் போட வேண்டும். மருத்துவரிடம் போவதே ரகசியத்தை உடைப்பதாகிவிடும் என்று அஞ்சி, சிகிச்சையைத் தள்ளிப் போடுகிறவர்கள் உண்டு.

தொழுநோயின் வரலாறு இதற்குச் சான்று. அந்நோய்க் கிருமியை நார்வேயைச் சேர்ந்த ஹான்சன் 1873இல் கண்டறிந்தார். உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை, ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ நோயைக் குணப்படுத்துகிறது. ஆனால் நோயாளிகளைப் பிரித்து அடைத்துவைக்க வகைசெய்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவில் நீக்கப்பட்டது 2016இல்தான். கணவனோ மனைவியோ தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்கும் வழி 2019இல்தான் அடைக்கப்பட்டது. மருந்து வந்து 35 ஆண்டுகளுக்கு மேல் முத்திரை சட்டப் புத்தகத்திலேயே இருந்தது. கிருமி செத்த பிறகும் முத்திரை சாகாமல் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பழகினால் மாறுமா?

மாற்றத்துக்கான வழியாக ஆல்போர்ட் முன்வைத்தது தொடர்புக் கருதுகோள். வெவ்வேறு குழுக்கள் கலந்து பழகினால் தப்பெண்ணம் குறையும், ஆனால் வெறுமனே பக்கத்தில் இருந்தால் போதாது என்றார். இருதரப்புக்கும் சம நிலை, பொதுவான இலக்கு, ஒத்துழைப்பு, சட்டத்தின் அல்லது நிறுவனத்தின் ஆதரவு ஆகிய நான்கும் வேண்டும் என்றார். முதலாளி வீட்டில் வேலைக்காரர் காலமெல்லாம் புழங்கியும் மனப்பான்மை மாறாத வீடுகள் எத்தனையோ உண்டு; அங்கே நெருக்கம் இருக்கிறது, சம நிலை இல்லை.

1954ஆம் ஆண்டுக் கோடையில் ஓக்லஹோமாவின் ராபர்ஸ் கேவ் பூங்காவில் முசாஃபர் ஷெரிஃப் நடத்திய முகாமும் இதையே காட்டியது. 22 சிறுவர்களை இரு குழுவாக்கிப் போட்டி வைத்தபோது சண்டை மூண்டது. ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடவைத்தபோது சாப்பாட்டையே ஒருவர் மேல் ஒருவர் வீசினர். தண்ணீர்த் தொட்டியின் அடைப்பை இரு குழுவும் சேர்ந்து நீக்குவது, நின்றுபோன லாரியைச் சேர்ந்து இழுப்பது போன்ற தேவைகள் வந்த பிறகே பகை தணிந்தது.

1971இல் டெக்சஸின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் நிறப் பிரிவினை நீக்கப்பட்டு வகுப்பறைகள் கொந்தளித்தபோது, எலியட் ஆரன்சன் இந்தக் கொள்கையைப் பாடமுறையாக மாற்றினார். பாடத்தைத் துண்டுகளாக்கி, குழுவிலுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டு கொடுத்தார். ஒருவர் துண்டு இன்னொருவரிடம் இருக்காது. முழுப் பாடமும் தெரிய வேண்டுமானால், ஆங்கிலம் தடுமாறும் மெக்சிகோ வம்சாவளிச் சிறுவன் பேசுவதையும் மற்றவர்கள் பொறுமையாகக் கேட்டாக வேண்டும். முதலில் கேலி செய்தவர்கள் பிறகு கேள்வி கேட்டு அவனுக்கு உதவக் கற்றுக்கொண்டனர்.

தாமஸ் பெட்டிகுரூவும் லிண்டா டிராப்பும் 515 ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியிட்ட பகுப்பாய்வு, பழக்கம் கூடும் இடங்களில் தப்பெண்ணம் பெரும்பாலும் குறைவாக இருப்பதை உறுதிசெய்தது. குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து, நாள் கழித்து விளைவை அளந்த கண்டிப்பான ஆய்வுகளை மட்டும் 2019இல் எலிசபெத் பாலுக்கும் உடன் ஆய்வாளர்களும் தனியே எடுத்துப் பார்த்தனர். அத்தகையவை 27 மட்டுமே இருந்தன. அவற்றிலும் இனம் சார்ந்த தப்பெண்ணத்தில் விளைவு சிறிது. நம்பிக்கை கொள்ள இடமுண்டு, மிகைப்படுத்த இடமில்லை.

இந்தியாவிலிருந்து வந்த இரு ஆய்வுகள் இதைக் கூர்மையாக்குகின்றன. தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்ற விதி டெல்லியில் வந்த பின், கௌதம் ராவ் வசதியான வீட்டுப் பிள்ளைகளை ஆராய்ந்தார். ஏழை வகுப்புத் தோழர்களோடு படித்தவர்கள் மற்றவர்களைவிடத் தாராளமாகப் பகிர்ந்தனர். தொடர் ஓட்டத்துக்கு அணி சேர்க்கும்போது, வேகமாக ஓடும் ஏழைப் பிள்ளையை ஒதுக்குவதும் குறைந்தது. மேத்யூ லோ உத்தரப்பிரதேசத்தில் 1,261 இளைஞர்களை வைத்து ஒரு கிரிக்கெட் போட்டித்தொடரை ஆய்வாக மாற்றினார். பல சாதியினரும் ஒரே அணியில் ஆடியபோது சாதி கடந்த நட்பு வளர்ந்தது. எதிரணியில் மட்டும் வேறு சாதியினரைச் சந்தித்தவர்களிடம் அந்தப் பயன் இல்லை; பொதுவாக எதிர்விளைவே இருந்தது. மைதானமும் பந்தும் ஒன்றே, யார் பக்கம் நின்று ஆடுகிறோம் என்பதில்தான் வேறுபாடு.

நட்பு மட்டுமே நீதி ஆகிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தமர் சாகுய், ஜான் டோவிடியோ முதலியோர் 2009இல் வெளியிட்ட சோதனையில், அதிகாரமுள்ள குழுவும் அதிகாரமற்ற குழுவும் தமக்குள் ஒற்றுமையான விஷயங்களை மட்டும் இனிமையாகப் பேசின. அதிகாரமற்றவர்கள் இனி நியாயமான பங்கு கிடைக்கும் என்று எதிர்பார்த்தனர். பங்கிடும் நேரம் வந்தபோது அதிகாரமுள்ளவர்கள் அந்த எதிர்பார்ப்புக்கு ஏற்ப நடக்கவில்லை. சிரித்துப் பேசுவதோடு, பங்கிடும் விதியும் மாற வேண்டும்.

தெளிவைத் தரும் வழிகள்

இழிமுத்திரையின் ஆழமான சுமை தெளிவின்மை என்றால், தெளிவைத் தரும் ஏற்பாடுகளே அதற்கு மருந்து. தேர்வு செய்பவர்கள் விண்ணப்பதாரர் யார் என்று பார்க்கும் முன்பே எந்தத் தகுதிக்கு எவ்வளவு எடை என்று எழுதி வைத்துக்கொண்டால் பாலினப் பாரபட்சம் குறைவதை எரிக் உல்மனும் ஜெஃப்ரி கோஹனும் 2005இல் காட்டினர். அப்படி எழுதாதபோது, ஆணிடம் உள்ள தகுதி எதுவோ அதுவே அந்தப் பதவிக்கு முக்கியம் என்று பலர் பிறகு அளவுகோலை வளைத்தனர்.

வகுப்பறைக்கும் ஒரு வழி இருக்கிறது. திருத்தித் தரப்படும் கட்டுரையில் சிவப்பு மையைப் பார்க்கும் மாணவருக்கு, ‘கட்டுரை சரியில்லையா, என்னைப் பிடிக்கவில்லையா’ என்ற பழைய கேள்வி எழுகிறது. குறைகளை மழுப்பினால் பாராட்டின் மீது சந்தேகம் வரும். கடுமையாகச் சுட்டினால் பாரபட்சம் என்று தோன்றும். கோஹன், ஸ்டீல், லீ ராஸ் மூவரும் 1999இல் மூன்றாவது ஒரு வழியைச் சோதித்தனர். குறைகளை ஒன்றுவிடாமல் சுட்டிவிட்டு, இந்த அளவுகோல் உயர்ந்தது என்பதையும், உன்னால் அதை எட்ட முடியும் என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். அப்போது கறுப்பின மாணவர்களின் சந்தேகம் தணிந்தது. மறுபடி எழுதும் ஊக்கம் வெள்ளையின மாணவர்களுக்கு இணையாக வந்தது.

டேவிட் யேகரும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில் இதையே ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு சிறிய ஒட்டுத்தாளில் செய்தனர். ஒரு பகுதியினரின் கட்டுரையில், உன்னிடம் உயர்ந்த எதிர்பார்ப்பு இருக்கிறது, நீ அதை எட்டுவாய் என்று தெரியும், அதனால்தான் இத்தனை திருத்தங்கள் என்ற பொருளில் ஆசிரியர் கைப்பட எழுதிய குறிப்பு இருந்தது. மற்றவர்களுக்கு ஒட்டிய தாளில் இது கருத்துரை என்று மட்டும் இருந்தது. சாதாரணக் குறிப்புப் பெற்ற கறுப்பினப் பிள்ளைகளில் 17 சதவீதம் பேர் கட்டுரையைத் திருத்தி எழுதினர். நம்பிக்கையைத் தெரிவித்த குறிப்புப் பெற்றவர்களில் 72 சதவீதம் பேர். பங்கேற்ற பிள்ளைகளின் எண்ணிக்கை குறைவு என்பதால் இந்த எண்களை எல்லா வகுப்பறைக்கும் அப்படியே பொருத்த முடியாது. எனினும் இத்தனை ஆண்டு ஆய்வு எங்கே வந்து சேர்ந்தது என்பதை அந்த ஒட்டுத்தாள் காட்டுகிறது. பிள்ளைகளின் மனத்தில் எந்தப் பழுதும் பார்க்கப்படவில்லை, எந்தப் பாடமும் எளிதாக்கப்படவில்லை. திருத்தத்துக்குக் காரணம் என்ன என்பது மட்டும் அவர்களுக்கு ஐயமறத் தெரிந்தது.